'கூட வந்தவங்க யாரு?' - புற்றுநோயாளியைக் கவனிப்பவரை யார் கவனிப்பது?

புற்றுநோய் வார்டு வாசலில் திரும்பத் திரும்பக் கேட்கும் குரல் இது: "பேஷன்ட் கூட வந்தவங்க யாரு?"

ஃபைலும் கட்டைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஒருவர் எழுந்து ஓடுவார். மாத்திரை வாங்க, ஸ்கேன் ரிப்போர்ட் எடுத்து வர, கையெழுத்துப் போட. மனைவியோ, மகனோ, மருமகளோ, யாராக இருந்தாலும் அந்தக் கட்டடத்துக்குள் அவர் பெயர் 'அட்டெண்டர்'. நோயாளியின் எடை, பசி, ரத்த அழுத்தம் எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறும். அட்டெண்டர் கடைசியாக எப்போது தூங்கினார் என்பது எந்தத் தாளிலும் ஏறாது.

எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு. அது தூரம். ஸ்டான்லியும், சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையும் ஓரளவு பக்கம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றால் எண்ணூரிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு 'கரன்ட் வைக்க' பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6, 7 வாரம் போக வேண்டும். மெஷினில் இருப்பது சில நிமிடம். போய் வர அரை நாள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், எச்சில் விழுங்கவே முடியாத ஒருவரை ஆட்டோவில் சாய்த்து உட்காரவைத்துப் போவது எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது இவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்தது, கூலி. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அது உயிர் காக்கும் உதவி, சந்தேகமில்லை. ஆனால், துறைமுகத்திலும் காசிமேட்டிலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர் மனைவியோடு 35 நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், போன 35 நாள் கூலியை எந்த அட்டையும் தராது. இ.எஸ்.ஐ. இருக்கும் தொழிலாளிக்கும் இதே கதைதான். அவருக்கே புற்றுநோய் வந்தால் விதிகளுக்கு உட்பட்டு 80 சதவிகிதச் சம்பளம் வரை நீண்ட நாள் நோய்க்கால உதவி உண்டு. மனைவிக்கு வந்தால் மனைவிக்குச் சிகிச்சை உண்டு. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள இவர் எடுக்கும் விடுப்புக்கு இ.எஸ்.ஐ.யில் பணம் கிடையாது. நோயாளியைப் பார்க்கும் சட்டம், நோயாளியைப் பார்த்துக்கொள்பவரைப் பார்ப்பதில்லை.

பணமும் தூரமுமாவது வெளியே சொல்லக்கூடிய கஷ்டம். சொல்ல முடியாதது வீட்டுக்குள் இருக்கிறது.

"அவர்கிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு." நம் குடும்பங்களில் பலரும் முதலில் வைக்கும் வேண்டுகோள் இதுதான். அன்பினால்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆனால், ஒற்றை அறை வீட்டில் அந்த ரகசியத்தை எங்கே ஒளித்துவைப்பது? 'வெறும் கட்டிதான்' என்று மனைவி நடிப்பார். முடி கொட்டிய பிறகும் நம்புவதுபோல் கணவர் நடிப்பார். இருவரும் தனித்தனியே அழுதுவிட்டு, ஒரே பாயில் முதுகு காட்டிப் படுப்பார்கள். நோயை விடவும் இந்த நடிப்பு சிலரைச் சீக்கிரம் களைக்கவைத்துவிடும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே மெதுவாகக் கேட்டுவிடலாம். தயக்கமாக இருந்தால், டாக்டரையே கேட்கச் சொல்லலாம். அவருக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும்.

இன்னொன்று, கோபம். இரவில் மூன்றாவது முறை எழுப்பும்போது சுள்ளென்று ஒரு வார்த்தை வந்துவிடும். 'இதெல்லாம் எப்போ முடியும்' என்று ஒரு நொடி மனதில் ஓடும். அடுத்த நொடியே, 'நான் என்ன பாவி' என்று குற்ற உணர்வு குத்தும். வலிக்கு ஒரு முடிவு வேண்டும் என்று நினைப்பதும், ஆள் போக வேண்டும் என்று நினைப்பதும் ஒன்றல்ல. இதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாததால் பெண்கள் பட்டினி கிடக்கிறார்கள். ஆண்களில் சிலர் டாஸ்மாக் பக்கம் ஒதுங்குகிறார்கள்.

'மனக்கஷ்டம்தானே' என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1995-ல் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். ஞாபக மறதி நோய் வந்த உறவினரைக் கவனிக்கும் 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் சிறு காயம். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. கவனிப்பவர்களுக்கு 48 நாளுக்கு மேல் ஆனது. அங்கே நோய் வேறு. ஆனால், மன அழுத்தம் உடம்பில் இறங்கும் விதம் ஒன்றுதான். தன் சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு ஊட்டும் மகள்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடையாறு மருத்துவமனைக்கே இப்படி ஒரு 'கூட இருந்தவர்' கதை உண்டு. 1923-ல் தன் தங்கை புற்றுநோயால் இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-லேயே மருத்துவப் பட்டம் பெற்றவர். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியாத வேதனை அவரை விடவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் மருத்துவமனை திறந்தது. தங்கை போய் 31 வருடம் கழித்து. துக்கம் எத்தனை காலம் ஒருவருக்குள் வேலை செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எல்லோரும் மருத்துவமனை கட்ட வேண்டாம். இரண்டு ராத்திரி தூங்கினால் போதும். அதற்கு உதவி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். மணலியை அடுத்த மாத்தூரில் 'ஜீவோதயா' காப்பகம், குணப்படுத்த முடியாத நிலைக்குப் போன புற்றுநோயாளிகளைக் கட்டணம் இல்லாமல் கவனித்துவருகிறது. அங்கே அனுப்புவது கைகழுவுவது ஆகாது. புண்ணுக்கு மருந்து கட்டுவதை அவர்கள் பார்த்துக்கொண்டால், மகன் மகனாக மட்டும் பக்கத்தில் உட்காரலாம். மனம் தாங்காத இரவில் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அக்கம்பக்கத்தாருக்கும் வேலை இருக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "அய்யோ, எப்படி இருந்த மனுஷன்!" என்று அழுதுவிட்டுப் போவது உதவி இல்லை. "எதுனா வேணும்னா சொல்லுக்கா" என்பதும் அவ்வளவாக உதவாது. அந்த அக்கா கேட்க மாட்டார். "செவ்வாய்க்கிழமை கரன்ட் வைக்க அண்ணனை நான் இட்டுனு போறேன். நீ நாஷ்டா துன்னுட்டு தூங்குக்கா" என்று சொல்லிப் பாருங்கள்.