எந்தப் பாரம் எவருடையது?

ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும் என்று கலாத்தியர் 6:2 கூறுகிறது. அவரவர் பாரத்தை அவரவரே சுமப்பர் என்று 6:5 கூறுகிறது. இது முரண்பாடாகத் தோன்றுவதற்குக் காரணம், நமது பழைய திருப்புதல் ஈரிடத்தும் 'பாரம்' என்ற ஒரே சொல்லை ஆளுவதாகும். கிரேக்க மூலத்தில் முன்னது 'பாரோஸ்', அதாவது ஒருவரை நசுக்கும் சுமை. பின்னது 'போர்த்தியோன்', அவரவர்க்கென அமைந்த சுமை. கிறிஸ்து தம்முடைய சுமை இலகுவானது என்று மத்தேயு 11:30இல் குறிப்பிடுவதும் இச்சொல்லாலேயே. திராட்சத்தோட்ட வேலையாட்கள் பகல் முழுதும் பட்ட பாடோ (மத்தேயு 20:12) 'பாரோஸ்' எனப்படுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்துள்ள சபைகளுக்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் விரலை இழக்கும்போது, ஜெபித்து மட்டும் அனுப்பிவிடுவோமாயின், நாம் பாரோஸைப் போர்த்தியோன் ஆக்கி அவர்மேலேயே சுமத்துகிறோம். மருத்துவமனையில் உடனிருத்தல், இழப்பீட்டு மனு எழுதத் துணைசெய்தல், கூலியற்ற நாட்களில் அவர் வீட்டு அடுப்பு எரியச் செய்தல் ஆகியன சபையின் கடமைகள். ஷிப்டு வேலையினால் ஞாயிறு ஆராதனைக்கு வர இயலாதவரும், ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் இக்கடமைக்குப் புறம்பானவர் அல்லர்.

ஆயினும், அவருக்காக நாமே தீர்மானிப்பதும் தகாது. அது அவருடைய போர்த்தியோன். நசுக்கும் பாரத்தை நாம் பகிர்ந்துகொள்ளும்போதே, தமக்குரியதைச் சுமக்க அவர் நிமிர்ந்து நிற்கக்கூடும்.