கண்ணாடிக்குள் கடல் – 14: உப்பும் குமிழியும் நுரையும்

மீன் கழிவு அம்மோனியாவாகி, பின்னர் நைட்ரேட்டாகும் விதம் சென்ற வாரம் போதிய அளவு விளக்கப்பட்டுவிட்டது. அம்மாற்றம் தொடங்கும் முன்பே கழிவை நீரிலிருந்து அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரை எந்த அளவில் வாங்குவது என்பதே இவ்வாரத்துக்கு அறிவிக்கப்பட்ட பொருள். ஆயினும் அக்கருவியின் உயிராகிய குமிழியை அறியாமல் அளவைப் பற்றிப் பேச இயலாது.

மீனின் சளி, எச்சம், உண்ணாமல் விடப்பட்ட தீனி ஆகியவற்றிலிருந்து நீரில் கரையும் புரதங்களில் பல, ஒரு பகுதியால் நீரை நாடி மறு பகுதியால் நீரை விலக்கும் இயல்புடையவை என்பதால், நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் சென்று ஒட்டிக்கொள்கின்றன. ஓர் உருளைக்குள் நுண்குமிழிகளைச் செலுத்தி, அவற்றின் மேற்பரப்பில் கழிவை ஒட்டவைத்து, நுரையாகக் கழுத்து வழியே ஏற்றி, மேலுள்ள கிண்ணத்தில் பழுப்பு நீராகச் சேர்ப்பதே ஸ்கிம்மரின் வேலை. 2019ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், கனமழை அடித்து வந்த சாக்கடை நீரும் சோப்புக் கழிவும் கடலில் கலந்து, மெரினாக் கரையை நாள்கணக்கில் வெண்ணுரை மூடியபோது, குழந்தைகள் அதில் இறங்கி விளையாடியதைச் சென்னை கவலையுடன் பார்த்தது. அங்கே அலை செய்ததும் இதே வேலைதான்.

நன்னீர்த் தொட்டியில் இக்கருவி ஏன் பயன்படுவதில்லை என்ற வினாவுக்கான விடை வியப்பூட்டுவது. நன்னீரில் இரு குமிழிகள் மோதினால் அவை இணைந்து பெருங்குமிழியாகி விரைந்து மேலேறிவிடுகின்றன. உப்பு லிட்டருக்குச் சில கிராம் என்ற அளவைக் கடந்ததும் இந்த இணைப்பு தடைப்படத் தொடங்குகிறது. ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரிலோ குமிழிகள் மோதியும் சேராமல் சிறியனவாகவே நிற்கின்றன. ஒரே அளவு காற்று நான்கு மில்லிமீட்டர் குமிழிகளாக இல்லாமல் ஒரு மில்லிமீட்டர் குமிழிகளாகப் பிரியும்போது மொத்த மேற்பரப்பு நான்கு மடங்காவதோடு, சிறு குமிழி மெல்ல ஏறுவதால் கழிவு ஒட்டுவதற்கான நேரமும் கூடுகிறது. எல்லா உப்புகளும் இவ்வாறு செய்வதில்லை என்பது இன்னும் வியப்பானது: கிரெய்க், நின்ஹாம், பாஷ்லி ஆகிய மூவர் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, சமையலுப்பாகிய சோடியம் குளோரைடு குமிழிகளின் இணைப்பைத் தடுக்கிறது, சோடியம் அசிட்டேட் தடுப்பதில்லை. இரண்டிலும் சோடியம் இருந்தும் ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு முழுமையான விளக்கம் அறிவியலில் இன்னும் நிலைபெறவில்லை.

இனி அளவு. கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து மயிலாப்பூருக்கோ அடையாறுக்கோ வந்துசேரும் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி ஒன்பது கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர் கொள்ளும். பாறை, மணல், மேல் இடைவெளி ஆகியவற்றைக் கழித்து 200 லிட்டர் எனக் கொண்டு, தொட்டிக்குக் கீழே வடிகட்டிகள் அமையும் சம்ப் தொட்டியின் நீர் 50 லிட்டரைக் கூட்டினால், நிகர நீர் 250 லிட்டர். ஆனால் நீரளவைவிட மீன்களின் எண்ணிக்கையும் தீனியின் அளவுமே முக்கியமானவை. பெட்டியில் அச்சிடப்படும் லிட்டர் கணக்குக்குப் பொதுவான தரநிர்ணயம் இல்லாததால், மீன் நெருக்கம் குறைந்த தொட்டிக்கு ஓர் எண்ணும் நெருக்கமான தொட்டிக்கு வேறோர் எண்ணும் தரப்பட்டிருந்தால், மீன் மிகுதியாக வளர்ப்போர் இரண்டாவதையே கொள்ள வேண்டும். அந்த எண் 250 முதல் 300 வரை இருந்தால் மேற்கண்ட தொட்டிக்குப் போதும்.

பெரியது வாங்கினால் பிழையில்லை என்னும் கடைப்பேச்சு ஏற்கத்தக்கதன்று: அகன்ற கழுத்தை நிரப்புமளவு கழிவு இல்லாத நீரில் நுரை நிலைபெறாமல் சரிந்துவிட, கிண்ணம் நாள்கணக்கில் வெறுமையாகவே இருக்கும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென் ஃபெல்ட்மேன் குழுவினர் 2009ஐ ஒட்டி நடத்திய சோதனைகளில், நீரிலிருந்த கரிமக் கழிவில் ஏறத்தாழ 20 முதல் 35 விழுக்காட்டையே ஸ்கிம்மர்கள் நீக்கின. நீர் மாற்றுவதற்கு எந்த அளவுக் கருவியும் ஈடாகாது.

பம்பின் காற்றளவு, சம்ப்பில் நீர் நிற்கவேண்டிய உயரம், மின்தடைக்குப் பின் கிண்ணம் பொங்கி வழிவதைத் தடுக்கும் முறை ஆகியவை இடமின்மையால் அடுத்த வாரத்துக்குச் செல்கின்றன. அதற்குள் வாசகர்கள் தத்தம் தொட்டியின் நிகர நீரளவையும் நாள்தோறும் இடும் தீனியின் எடையையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.