குளிசையும் தொய்வும்

அனலைதீவில் கர்ப்பிணித் தாய்மார் சிலருக்கு ஒரு பயம்: கிளினிக்கில் தரும் போலிக் அமிலக் குளிசையால் பிள்ளைக்குத் தொய்வு வருமோ? 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று அப்படியொரு தொடர்பைச் சொன்னது உண்மை. ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு; குளிசைதான் காரணமென்று நிறுவப்படவில்லை.

தொய்வைக் குறைத்ததாக ஆய்வில் தெரிந்தது வேறொன்று: மீனெண்ணெய். 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய்மாருக்குத் தினமும் மீனெண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு 2.4 கிராம் கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் இழுப்பும் தொய்வும் 23.7 வீதத்திலிருந்து 16.9 ஆகியது. எப்படி? அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உருவாவதை இக்கொழுப்பு மட்டுப்படுத்துகிறது. மிகுந்த பயன், இரத்தத்தில் அது குறைவாயிருந்த தாய்மாருக்கே. ஒமேகா-3 உள்ள சூடை மீன் தின்னும் தீவாருக்கு அதே அளவு பயன் கிடைக்குமென்று சொல்லிவிட முடியாது.

குளிசை தருவது வேறொன்றுக்காக. சிசுவின் முண்ணாணாக உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்ற முதல் நான்கு வாரங்களில் மூடுகிறது. அதற்குப் போலிக் அமிலம் வேண்டும். தாய்மாரே, பயந்து குளிசையை நிறுத்தாதீர்கள்.