கதிர்ப் போரை 25 தடவை வரைந்தவர்!

அறுவடை முடிந்த வயலில் கோதுமைக் கதிர்ப் போர். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே அதையே சுமார் 25 படங்களாகத் தீட்டினார்! 1890-91-ல், ஜிவெர்னி கிராமத்தில்.

காலையில் ஒரு படம்; வெயில் ஏறியதும் வேறு படம்; அந்தியில் இன்னொன்று. வெளிச்சம் மாறினால் கித்தானையும் மாற்றிவிடுவார். நிழல் என்றால் கறுப்பா? இல்லை. அவர் பூசியது நீலமும் ஊதாவும்!

அந்தக் கண்ணிலேயே புரை விழுந்தது. 1912-ல் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நிறங்கள் மங்கின. சாயக் குழாயில் எழுதியிருந்த பெயரைப் படித்து வண்ணம் எடுத்தார், பாவம்! ஆபரேஷன் என்றால் பயம். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

1923-ல் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. "எல்லாம் நீலமாகத் தெரிகிறதே!" என்று புலம்பினார். கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்கள். மறுபடி தம் அல்லிக்குளத்தை வரைய உட்கார்ந்தார். அப்போது வயது 80-ஐத் தாண்டிவிட்டது.