கண்ணுக்குள் இறங்கும் பூஞ்சை

கண்டரமாணிக்கம் பக்கம் கதிர் அடிக்கும்போது நெல்சுணையோ, விறகு வெட்டும்போது சீமைக்கருவேல முள்ளோ கண்ணில் பட்டால், யாரும் உடனே பஸ் ஏறுவதில்லை. கழுவுவார்கள், சில வீடுகளில் தாய்ப்பால் விடுவார்கள், பிறகு மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்குவார்கள். எனக்குப் பயமே அந்தச் சொட்டு மருந்துதான். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு தணிந்து குணமானதுபோல் தெரியும். அந்தக் காயத்தின் வழியே நுழைந்த பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும்.

1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஆய்வகத்தில் கிருமி வளர்ந்து தெரிந்தது 297 பேருக்கு. அதில் 139 பேருக்குப் பூஞ்சை மட்டுமே காரணம். மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபுசேரியம்தான் அதிகம்.

புண் மேலாக இருக்கும்வரை கண்டுபிடிப்பது எளிது. லேசாகச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் பூஞ்சை இழை தெரியும். கருவிழியைக் கடந்து உள்ளே இறங்கிவிட்டால்தான் சிக்கல். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் பூஞ்சை நுழையலாம். நீண்டநாள் குளுக்கோஸ் ஏறியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ரத்தம் வழியாகவும் வரலாம். பாக்டீரியாவைப்போல் ஓரிரு நாளில் கண்ணைக் கெடுக்காது. வாரக்கணக்கில் மெல்லப் பார்வை மங்கும். உள்ளே பஞ்சுத் துணுக்குபோல் வெண்திட்டுகள், சிலருக்கு முத்துக் கோத்ததுபோல் வரிசையாக. சாதாரண உள்கண் அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிடும் ஆபத்து இங்கேயும் உண்டு.

உறுதிசெய்ய, விழிக்குள் இருக்கும் கூழில் ஊசியால் சில துளி எடுக்கிறார்கள். பூஞ்சை கூழ் முழுவதும் கலந்திராமல் கட்டியாக ஒதுங்கியிருப்பதால், ஊசிக்குத் தப்பிவிடுவதுண்டு. அறுவைச் சிகிச்சையில் கூழையே வெட்டியெடுத்தால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். நோயின் சுமையும் குறையும். பி.சி.ஆர். சோதனை பூஞ்சையின் மரபணுவைச் சில மணி நேரத்தில் காட்டிவிடும். ஆனாலும் அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய அதை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். சில வகைகள் முளைக்கவே நாள்கள் பல ஆகும். இரண்டாம் நாள் வளர்ப்புத் தட்டில் ஒன்றும் இல்லையென்று அதைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. இரண்டு வாரம்வரை வைத்துப் பார்ப்பார்கள்.

அதனால் மருத்துவரிடம் போகும்போது முள் பட்டது என்றைக்கு, எந்த மரத்து முள், இடையில் விட்ட மருந்து எது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். பூஞ்சையைத் தேடச் சொல்லி ஆய்வகத்துக்கு அவர் எழுதுவது அதைக் கேட்டுத்தான்.