இரண்டாவது சாவி யாரிடம்?

க்ஷேமம் விசாரித்து நாலு வரி எழுதுவதற்குத் தபால் கார்டு போதும். மகளின் கல்யாணப் பேச்சையோ, தம்பிக்கு நேர்ந்த பணமுடையையோ எழுதுவதானால் கவரில் வைத்து ஒட்டி அனுப்புவதே நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். அவ்விதம் ஒட்டியவர்கள் சதியாலோசனை செய்தவர்களல்லர். குடும்ப விஷயம் குடும்பத்துக்குள் இருக்க வேண்டுமென்று எண்ணியவர்கள், அவ்வளவுதான். "குற்றம் செய்யாதவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?" என்று இன்று சிலர் கேட்கும் கேள்விக்கு அந்த ஒட்டிய கவரே தக்க விடை.

இப்போது கார்டும் கவரும் கைபேசிக்குள் அடங்கிவிட்டன. நாம் யாருடன், எப்பொழுது, எவ்வளவு நேரம் பேசினோம், அச்சமயம் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தோம் என்பவையெல்லாம் தொலைபேசிக் கம்பெனியின் கணக்கில் தாமே பதிவாகின்றன. பேச்சில் ஒரு சொல்லைக்கூடக் கேளாமல், இக்குறிப்புகளைக் கொண்டே ஒருவர் எந்த வைத்தியரை நாடுகிறார், எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறார் என்பதை ஊகித்துவிடலாம். இவற்றைக் குறைந்தது இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டுமென்று 2021 டிசம்பரில் நமது சர்க்கார் கம்பெனிகளின் உரிம நிபந்தனைகளைத் திருத்தியது.

வேவு பார்க்கப்படுவது நம் தேசத்துக்குப் புதிதன்று. 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுவையில் வாழ்ந்த காலத்தில் பிரிட்டிஷ் ஒற்றர்களின் கண் அவர்மீது இருந்தவண்ணமே இருந்தது. அதே அந்நிய ஆட்சி 1885-இல் இயற்றிய தந்திச் சட்டம், செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்தது. நாம் சுதந்திரமடைந்த பின்னரும் எழுபது வருஷங்களுக்கு மேல் அதுவே நிலைத்தது. 2023-இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் இடைமறிப்புப் பிரிவு 2024 ஜூனில் அமலுக்கு வந்தது. சட்டம் புதிது, ஆனால் அதிகாரம் பழையதே.

அதிகாரமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. 2008-இல் பம்பாய் நகரைத் தாக்கிய கொடியவர்களும், அவர்களை எல்லைக்கு அப்பாலிருந்து ஏவியவர்களும் பேசிய பேச்சுகளை அதிகாரிகள் ஒட்டுக்கேட்டார்கள். அப்பேச்சுகள் பின்னர் வழக்கில் சாட்சியமாயின. இத்தகைய சமயத்தில் காது கொடாத சர்க்கார் தன் கடமையில் தவறியதாகும்.

ஆனால் அந்த அதிகாரத்துக்கு வரம்பு எது? 1962-இல் கரக் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், இரவில் போலீஸார் வீட்டுக் கதவைத் தட்டுவதைச் செல்லாதென்றது. ஆயினும் அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் உறுதிசெய்த உரிமையன்று என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அக்கருத்தை நீக்கி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். அதில் தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நோக்கம் நியாயமாயிருக்க வேண்டும். தலையீடு நோக்கத்துக்கு மிஞ்சாதிருக்க வேண்டும். தீர்ப்பின் சாரம் இதுவே.

இனி, மிஞ்சியதா இல்லையா என்று பார்ப்பவர் யார் என்பதே கேள்வி. ஒட்டுக்கேட்க உத்தரவிடுபவர் மத்திய அல்லது மாகாண உள்துறைச் செயலாளர். அவ்வுத்தரவு அறுபது நாள் செல்லும். நீட்டித்தாலும் நூற்றெண்பது நாளைத் தாண்டலாகாது. உத்தரவைப் பரிசீலிக்கும் கமிட்டியில் இருப்பவர்களும் சர்க்காரின் செயலாளர்களே. நீதிபதி ஒருவரும் இல்லை. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான கமிட்டி 2018-இல் ஒரு விவரத்தை எடுத்துக் காட்டியது. மத்திய சர்க்கார் மட்டும் மாதந்தோறும் 7,500 முதல் 9,000 வரை இத்தகைய உத்தரவுகள் பிறப்பித்து வந்ததென்றும், இரண்டு மாதத்துக்கொருமுறை கூடும் பரிசீலனைக் கமிட்டி ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 வரை பார்க்க வேண்டியிருக்கிறதென்றும் அது கூறியது. உத்தரவுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் 15,000 உத்தரவுகளுக்கு 250 மணி நேரம் ஆகும். பத்து நாள் இரவும் பகலும் கண்ணயராமல் உட்கார்ந்தாலும் முடியாத வேலை!

நம்மிடம் 1885-ஆம் வருஷத்துச் சட்டத்தை விட்டுச் சென்ற இங்கிலாந்து தன் விஷயத்தில் என்ன செய்துகொண்டது என்று பார்ப்போம். 1844-இல் லண்டனில் தஞ்சம் புகுந்திருந்த இத்தாலிய தேசபக்தர் மாஜினி, தம் கடிதங்கள் பிரிக்கப்படுவதாகச் சந்தேகித்தார். கவருக்குள் கசகசாவையும் மணலையும் இட்டுச் சோதித்து, சந்தேகம் மெய்யென்று கண்டார். விஷயம் பார்லிமெண்டுக்குப் போய்ப் பெரும் கிளர்ச்சியாயிற்று. அத்தேசம் 2016-இல் இயற்றிய சட்டம் சர்க்காருக்கு விரிந்த அதிகாரங்களை அளிக்கிறதென்று அங்கேயே பலர் குறைகூறுகிறார்கள். எனினும் அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: மந்திரி கையெழுத்திட்ட உத்தரவை நீதிபதி ஒருவரும் அங்கீகரித்தால்தான் செல்லும். அவசரமானால் முதலில் செயற்படலாம். மூன்று வேலை நாட்களுக்குள் நீதிபதியின் சம்மதம் பெற்றாக வேண்டும். ஆகவே, கோர்ட்டுக்குப் போனால் குற்றவாளி தப்பிவிடுவான் என்னும் ஆட்சேபணைக்கு அங்கே இடமில்லை.

பாங்கி லாக்கரில் நகை வைப்போர் இதை எளிதில் அறிவார்கள். நம்மிடம் ஒரு சாவி, பாங்கியிடம் ஒரு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். அதனால் பாங்கி மானேஜரை நாம் திருடரென்று எண்ணிவிட்டதாக யாரும் கோபிப்பதில்லை.

வோட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருவோரிடம் சாலை, குடிநீர், விலைவாசி ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறோம். ஒட்டுக்கேட்கும் உத்தரவுக்கு நீதிபதியின் சம்மதம் வேண்டுமென்று சட்டம் செய்ய உடன்படுவீர்களா என்பதையும் நாம் கேட்க வேண்டும். நாளைக்கு எந்தக் கட்சி நாற்காலியில் அமர்ந்தாலும் அச்சட்டம் எல்லாக் குடும்பங்களையும் காக்கும். இன்று ஆள்வோர் நாளை எதிர்க்கட்சியில் உட்கார நேர்ந்தால் அவர்களையும் காக்கும்.