பெருக்காத பெருக்கி

மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கித் தருவது செயல்பாட்டுப் பெருக்கி. பொறியாளர்கள் இதனை ஆப்-ஆம்ப் எனச் சுருக்கி அழைப்பர். 1968ஆம் ஆண்டு அறிமுகமான 741 என்னும் சில்லு, இன்றும் ஆய்வகங்களில் இதற்கு முதற்பாடமாக விளங்குகிறது. சுற்றை அமைத்த மாணவர், பெருக்கம் இல்லையெனக் கண்டதும் சில்லு பழுதாயிற்று என எண்ணிப் புதியதைப் பொருத்துவார். அதுவும் பெருக்காது. பிழை வேறிடத்தில் இருப்பதே காரணம். அவ்விடத்தை வெளியீட்டின் அளவே பெரும்பாலும் காட்டிவிடும்.

புரட்டாப் பெருக்கி ஒன்றைக் காண்போம். 3ஆம் முனை உள்ளீடு. 6ஆம் முனை வெளியீடு. வெளியீட்டிலிருந்து 10 கிலோ ஓம் பின்னூட்ட மின்தடை 2ஆம் முனைக்குச் செல்கிறது. அங்கிருந்து 1 கிலோ ஓம் மின்தடை புவி இணைப்பை அடைகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கிடைப்பதே பெருக்கம். இங்கு அது 11. எனவே, 0.1 வோல்ட் உள்ளீட்டிற்கு 1.1 வோல்ட் வெளியீடு கிடைத்தல் வேண்டும்.

வெளியீடும் 0.1 வோல்ட்டாகவே இருப்பின், சில்லு நன்றாகவே இயங்குகிறது எனலாம். தன் இரு உள்ளீட்டு முனைகளையும் சம மின்னழுத்தத்தில் நிறுத்துவது அதன் இயல்பு. 1 கிலோ ஓம் மின்தடை புவியோடு இணையாதபோது அதன்வழியே மின்னோட்டம் பாயாது. பின்னூட்ட மின்தடையிலும் பாயாது. ஆதலின், வெளியீடு உள்ளீட்டையே ஒத்திருக்கும். பின்னூட்ட மின்தடையின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டிருந்தாலும் இதுவே நிகழும்.

வெளியீடு 0.11 வோல்ட் எனில், மின்தடையின் நிறப்பட்டைகளை நோக்குக. பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு என்பது 10 கிலோ ஓம். பழுப்பு, கருப்பு, பழுப்பு என்பது 100 ஓம். ஒரு பட்டையின் நிறம் தவறினால் பெருக்கம் 11 என்பது 1.1 ஆகிவிடும்.

வெளியீடு 13 வோல்ட் அளவில் உயர்ந்து அசையாது நின்றால், பின்னூட்டப் பாதை அறுபட்டுள்ளது என்று பொருள். வெளியீடே இல்லையெனில், 7ஆம் முனையில் +15 வோல்ட்டும் 4ஆம் முனையில் −15 வோல்ட்டும் உள்ளனவா எனச் சில்லின் கால்களிலேயே அளத்தல் வேண்டும். மின்வழங்கியில் உள்ள மின்னழுத்தம், தளர்ந்த கம்பியால் சில்லை எட்டாதிருக்கலாம்.

பிழையே இல்லாமலும் பெருக்கம் குறைவதுண்டு. 741-இல் பெருக்கத்தையும் அதிர்வெண் எல்லையையும் பெருக்கினால் ஏறத்தாழ 1 மெகா ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆகவே, 11 மடங்குப் பெருக்கம் ஏறத்தாழ 90 கிலோ ஹெர்ட்ஸ் வரையே நிலைக்கும். 1 மெகா ஹெர்ட்ஸில் அது ஒன்றை நெருங்கிவிடும்.

இவையனைத்தையும் ஆராய்ந்த பின்னரே சில்லை ஐயுறுதல் முறை. நோயை அறியாது மருந்தை மாற்றுவதால் பயனில்லை. தவறான விடையும் ஒரு விடையே. அதனைப் பொறுமையுடன் படிப்பவர்க்கு, பழுதுற்ற சுற்றே ஆசிரியராகும்.